இணைப்பில் பிறக்கும் மூன்றாவது உலோகம்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கடைத் தளவாடங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஒரே உலோகத்தால் ஆனது என்று எதையும் சொல்வது கடினம். மீன் பரப்பும் எவர்சில்வர் (எஸ்.எஸ்.) தகட்டைத் தாங்குவது சாதா எஃகு (எம்.எஸ்.) ஆங்கிள். படுதாவைத் தூக்கிப் பிடிப்பது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப். குளிர்பானக் கடையின் ஃப்ரிட்ஜில் ஓடுவது செம்புக் குழாய், அது போய்ச் சேரும் கம்ப்ரசர் இரும்பு. தராசுத் தட்டு பித்தளை, மாவு மில்லின் உடம்பு வார்ப்பிரும்பு, டீக்கடை அண்டா அலுமினியம். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலோ விரிசல் கண்டாலோ கடைக்காரர் தூக்கிக்கொண்டு போகும் இடம் வெல்டிங் பட்டறை. அங்கே அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "இதை இதோட சேத்து ஒட்டிக் குடுங்க அண்ணே."

கேட்பது எளிது. அந்த ஒட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆர்க் பிடித்ததும் இந்தப் பக்கத்து உலோகம் கொஞ்சம் உருகுகிறது, அந்தப் பக்கத்து உலோகமும் கொஞ்சம் உருகுகிறது, வெல்டிங் ராடு உருகி நடுவில் விழுகிறது. மூன்றும் கலந்து சில நொடிகளில் உறைந்துவிடுகின்றன. ஒவ்வொரு வெல்டும் ஒரு சிறிய வார்ப்படம். உறைந்த பிறகு நடுவில் இருப்பதை இந்த உலோகம் என்றும் சொல்ல முடியாது, அந்த உலோகம் என்றும் சொல்ல முடியாது. அது பட்டறையில் அந்த நிமிடத்தில் பிறந்த மூன்றாவது உலோகம். எந்த ஆலையும் அதைச் சோதித்து முத்திரை குத்தவில்லை. மீன் மேடை நிற்பதும் சரிவதும் அந்த மூன்றாவது உலோகம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. கையோட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தவறான கலவை தவறான கலவைதான்.

அதனால் ராடைத் தொடுமுன் கையில் இருக்கும் இரண்டும் என்ன உலோகம் என்று தெரிந்தாக வேண்டும். காந்தம் ஒட்டினால் எம்.எஸ்., ஒட்டாவிட்டால் எஸ்.எஸ். என்பது பட்டறை வழக்கு. அதில் பாதிதான் உண்மை. 430 என்ற வகை எஸ்.எஸ். காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். இன்னொரு பக்கம், நம் நாட்டுச் சந்தையில் நிறையப் புழங்கும் 200 வரிசை எஸ்.எஸ்., விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்தது. அதுவும் நிக்கல் கூடிய 304 வகை போலவே காந்தத்தில் ஒட்டாது. பளபளப்பில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. உப்புத் தண்ணீர் நாள்தோறும் படும் இடத்தில் 200 வரிசைத் தகடு பழுப்புப் புள்ளி காட்டத் தொடங்கும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். மீன் மேடைக்குத் தகடு வாங்குகிறவர் 304 என்று பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

காந்தத்தைவிட அதிகம் சொல்வது கிரைண்டர் பொறி. எம்.எஸ். ஓரத்தை லேசாகத் தொட்டால் நீளமான வெளிர்மஞ்சள் பொறி பாயும். வார்ப்பிரும்பின் பொறி சிவந்து குட்டையாக இருக்கும். எஸ்.எஸ். பொறி குறைவு, நிறம் ஆரஞ்சு. செம்பு, பித்தளை, அலுமினியத்தில் பொறியே வராது. ஆனால் அலுமினியத்தை இரும்புக்கான வீலில் வைக்காதீர்கள். மென்மையான உலோகம் வீலின் கண்களை அடைத்துச் சூடேற்றும், வீல் உடைந்து தெறிக்கலாம். வார்ப்பிரும்பா எஃகா என்ற சந்தேகத்துக்கு டிரில் போதும். சுருள் சுருளாக வந்தால் எஃகு, கரும்பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு.

மார்க்கெட் வேலையில் அடிக்கடி வரும் சேர்க்கை எம்.எஸ்.ஸும் எஸ்.எஸ்.ஸும். இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறுவதும் இங்கேதான். பட்டறையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது சாதா 6013 ராடு. அதை வைத்தே இழுத்துவிடுகிறார்கள். வெல்டும் பிடிக்கிறது, சுத்தியால் தட்டினால் நிற்கிறது. உள்ளே என்ன ஆனது என்று ஒரு கணக்குப் போடலாம். கைராடு வெல்டிங்கில் உறைந்த கலவையில் ஏறக்குறைய 30 சதவீதம் இரு பக்கத்துத் தகடுகளிலிருந்து வருவது, 70 சதவீதம் ராடு என்று வைத்துக்கொள்வோம். 304 தகட்டில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். எம்.எஸ்.ஸிலும் 6013 ராடிலும் இரண்டுமே கிட்டத்தட்ட இல்லை. தகடுகளின் பங்கில் பாதி 304 என்றால், கலவையில் சேரும் குரோமியம் 2.7, நிக்கல் 1.2 சதவீதம். துரு பிடிக்காமல் தடுக்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும், ஆகவே அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஆனால் இந்தக் கொஞ்சம் குரோமியம், சட்டென்று குளிரும் எஃகைக் கடினப்படுத்தப் போதும். மார்ட்டன்சைட் எனும் விறைத்த அமைப்பு உருவாகும். அது வளையாது, முறியும். மேடையின் மேல் ஐஸ் மூட்டையைத் தொப்பென்று போடும் ஒரு நாளில் வெல்டின் ஓரமாக மயிரிழை விரிசல் ஓடும்.

304-ஐ 304-உடன் இணைக்கும் 308எல் ராடைப் போட்டால் என்ன? அதில் குரோமியம் 19.5, நிக்கல் 10 சதவீதம் அளவில் இருக்கும். அதே கணக்குப்படி கலவையில் குரோமியம் 16-க்குச் சற்று மேல், நிக்கல் 8 சதவீதம். பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் ஆர்க் எம்.எஸ். பக்கம் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டால் கணக்கு சரிந்து மீண்டும் மார்ட்டன்சைட் எல்லைக்குள் போய்விடும். கை நடுங்கினால் கெட்டுப்போகும் கலவையை நம்பி வேலை செய்யக் கூடாது. அதற்காகவே உள்ளது 309எல். குரோமியம் 23 முதல் 24, நிக்கல் 13 சதவீதம் அளவில். பால் சேரும் என்று தெரிந்தே டிகாஷனைக் கெட்டியாக இறக்குவது போல, எம்.எஸ். வந்து கலக்கும் என்று தெரிந்தே செறிவாகச் செய்த ராடு இது. கலந்த பிறகும் குரோமியம் 19, நிக்கல் 10 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதாவது, நடுவில் பிறக்கும் உலோகம் கிட்டத்தட்ட 304-ஆகவே இருக்கும்.

இந்தக் கணக்கை ஒரே படத்தில் அடக்கியவர் உலோகவியலாளர் ஆன்டன் ஷேஃப்லர். 1949-இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் குரோமியத்தின் வேலையைச் செய்யும் தனிமங்களை ஓர் அச்சிலும், நிக்கலின் வேலையைச் செய்பவற்றை இன்னோர் அச்சிலும் வைத்தார். இரண்டு தகடுகளுக்கும் ராடுக்கும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், வெல்டு எந்த எல்லைக்குள் விழும் என்று ஆர்க் பிடிக்கும் முன்பே சொல்லிவிடலாம். விரும்பத்தக்க இடம், ஆஸ்டனைட் என்ற அமைப்புக்குள் சில சதவீதம் ஃபெரைட் என்ற இன்னோர் அமைப்பு கலந்த பகுதி. அந்தச் சிறு ஃபெரைட்தான் உறையும்போதே ஏற்படும் சூட்டு விரிசலைத் தடுக்கிறது. 309 வெல்டின் மேல் காந்தம் லேசாக இழுத்தால் ராடு மட்டம் என்று எண்ண வேண்டாம். அந்த இழுப்பு ஃபெரைட் இருப்பதன் அடையாளம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் 'எல்' எழுத்தையும் கவனியுங்கள். கார்பன் குறைவு என்று அதற்குப் பொருள். சாதாரண எஸ்.எஸ். 425 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் சற்று நேரம் நின்றால், அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தின் நுண்மணிகளின் எல்லையில் ஒதுங்கிவிடும். எல்லையோரம் குரோமியம் இல்லாமல் வறண்டு போகும், அங்கே துரு நுழையும். வெல்டு நன்றாக இருக்க, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடாகத் துரு பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணங்களில் இதுவும் ஒன்று. இன்னொன்று இன்னும் எளிய தவறு: இரும்பைத் தேய்த்த அதே கம்பி பிரஷ்ஷால் எஸ்.எஸ்.ஸைத் தேய்ப்பது. பிரஷ்ஷில் ஒட்டிய இரும்புத் துகள் தகட்டில் பதிந்து துருவை விதைக்கிறது. எஸ்.எஸ்.ஸுக்குத் தனி பிரஷ், தனி கிரைண்டிங் வீல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பியரையும் குறைக்க வேண்டும். எஸ்.எஸ்.ஸின் மின்தடை எம்.எஸ்.ஸைப் போல நான்கைந்து மடங்கு. 3.15 மில்லிமீட்டர் சாதா ராடுக்கு 110, 120 ஆம்பியர் வைத்த மெஷினில் அப்படியே 309-ஐச் செருகினால் பாதி ராடு எரிவதற்குள் மீதி செக்கச்சிவந்து, மேல்பூச்சு உதிரும். 90-ஐ ஒட்டித் தொடங்குங்கள். வெப்பத்தைக் கடத்துவதில் எஸ்.எஸ். எம்.எஸ்.ஸில் மூன்றில் ஒரு பங்குதான், விரிவதிலோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூடு ஓரிடத்திலேயே தங்கும், தங்கிய இடம் அதிகமாக விரியும், தகடு படகு போல் வளையும். ஒரே இழுப்பாக இழுக்காமல் முதலில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு டாக் (சிறு பிடிப்பு வெல்டு) வைத்து, பிறகு இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நிரப்புவதுதான் வழி.

விரிவில் உள்ள இந்த வித்தியாசம் மீன் மேடையில் தகட்டை வளைப்பதோடு போகிறது. சூடாவதும் ஆறுவதும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும் இடத்தில் அது இணைப்பையே அறுத்துவிடும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் அணு உலைக் குழாய்களுக்காக இதே சிக்கலை ஆராய்ந்தார்கள். எஸ்.எஸ். குழாயையும் குரோமியம்-மாலிப்டினம் எஃகுக் குழாயையும் நேரடியாகச் சேர்க்காமல், நடுவில் அலாய் 800 என்ற நிக்கல் மிகுந்த உலோகத் துண்டை வைத்து இணைப்பது அவர்கள் உருவாக்கிய வழி. அதன் விரிவு இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரே தாவலாக இருந்த வித்தியாசம் இரண்டு படிகளாகிவிடுகிறது.

கடலோர ஊரில் ராடு நமுத்துப் போவதையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பாக்கெட்டில் கிடக்கும் ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆர்க் சூட்டில் அந்த ஈரம் ஹைட்ரஜனாகப் பிரிந்து வெல்டுக்குள் புகும். ஊசித் துளைகள் வரும், கடின எஃகில் மறுநாள் விரிசல்கூட வரும். 7018 போன்ற ராடுகளை 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் சுட்டு எடுக்கச் சொல்வது இதனால்தான். சில்லறையாக வாங்குகிறவர்கள் ராடின் பிடிப்பக்கம் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எண் அழிந்த ராடை முக்கிய வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

வார்ப்பிரும்பு வேறு வகைப் பிடிவாதம். அதில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது, பெரும்பகுதி கிராஃபைட் செதிள்களாக. எஃகுக்கு உள்ள இழுபடும் குணம் இதற்குக் கிடையாது. சாதா ராடு போட்டால் வெல்டையொட்டிய இடம் சட்டென்று ஆறி, கண்ணாடி போல் கடினமாகி, 'டிக்' என்ற சத்தத்தோடு விடும். நிக்கல் ராடு போடுவதன் காரணம், நிக்கல் கார்பனோடு சேர்ந்து கடினமாவதில்லை. அது மெத்தென்று இருந்து, சுருங்கும் இழுப்பைத் தான் வாங்கிக்கொள்ளும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துங்கள். ஓரங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இழுத்த சூட்டோடு உருண்டைத் தலைச் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொடுத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த அங்குலம். அல்லது முழுப் பொருளையும் 500, 600 டிகிரிக்குச் சூடாக்கி, முடித்ததும் சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து மறுநாள் எடுக்க வேண்டும். இரண்டும் இல்லாத நடுவழிதான் ஆபத்து. பாதிச் சூடாக்கி, பாதியில் தண்ணீர் ஊற்றிய மில் பாகங்கள் திரும்பவும் அதே இடத்தில் உடைவதற்கு இதுவே காரணம்.

செம்பையும் இரும்பையும் உருக்கிச் சேர்க்க முயலாதீர்கள். செம்பு 1085 டிகிரியில் உருகும், இரும்பு 1538-இல். உருகிய செம்பு, சிவந்து நிற்கும் எஃகின் மணி எல்லைகளுக்குள் புகுந்து அதைப் பிளக்கும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் இணைப்புக்கு வெள்ளி ராடும் அதற்கான ஃப்ளக்ஸும்தான் சரி. அங்கே செம்பும் இரும்பும் உருகுவதில்லை. 650, 700 டிகிரியில் ராடு மட்டும் உருகி இடுக்கில் ஏறிக்கொள்ளும். செம்பையும் செம்பையும் சேர்க்கும் மலிவான பாஸ்பரஸ் ராடை இரும்புப் பக்கம் போட்டால், பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து நொறுங்கும் படலமாகிவிடும். அதிர்ந்துகொண்டே இருக்கும் கம்ப்ரசரில் அது தாங்காது. இரண்டு எச்சரிக்கைகள்: புதிய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றும் வாயு, பழைய ஆர்22 தீச்சுடரில் பட்டால் நச்சு வாயுக்களாகப் பிரியும். வாயுவை முறைப்படி வெளியேற்றாமல் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது. காட்மியம் கலந்த வெள்ளி ராடின் புகை நுரையீரலைக் கருக்கும், உயிரையே எடுத்திருக்கிறது. காட்மியம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். பித்தளைக் குடத்துக்கும் இந்தப் பற்றவைப்பு முறையே பொருந்தும். பொற்கொல்லர்கள் வெங்காரம் வைத்துச் செய்வதும் இதே அறிவியல்தான். சோறு, தண்ணீர் புழங்கும் பாத்திரத்தில் காரீயம் கலந்த பற்று கூடவே கூடாது.

அடுத்தது ஜி.ஐ. பைப். இதில் வெல்டைவிட வெல்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பைப்பின் மேலிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். உள்ளே இருக்கும் இரும்பு உருகுவதற்கு முன்பே அது வெள்ளைப் புகையாக எழும்பி மூக்குக்குள் போகிறது. பகலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வாயில் இரும்பு ருசி, நடுக்கம், காய்ச்சல், உடம்பை முறித்துப் போட்ட வலி. ஒன்றிரண்டு நாளில் போய்விடுவதால் சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். பால் குடித்தால், வாழைப்பழம் தின்றால் புகை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் இருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இணைப்பின் இரு பக்கமும் ஓரங்குலம் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், காற்று முகத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் போகும்படி உட்கார்ந்து செய்யுங்கள். தேய்த்த இடத்தில் பின்னர் துத்தநாகப் பெயின்ட் அடிக்கலாம். எஸ்.எஸ். புகையில் வருவது ஆறிணைதிறன் குரோமியம், இது உடனே காட்டிக்கொடுக்காது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வெல்டிங் புகை முழுவதையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு இந்தப் புகையை வடிகட்டாது. வடிகட்டியுடன் கூடிய முகக்கவசம் ராடு, வீல் வாங்கும் செலவோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள்.

அலுமினியத்தையும் இரும்பையும் சேர்த்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், நல்ல வெல்டர் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். அது திறமைக் குறைவால் சொல்லும் பதில் ஆகாது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், அதன் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு உருகுவது 2072 டிகிரியில். அந்தத் தடையைத் தாண்டி உருக்கினாலும், உறைந்த அலுமினியத்தில் இரும்பு கரைந்து நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்து, தட்டினால் சில்லு சில்லாகப் போகும் சேர்மங்களாக உறைகின்றன. இங்கே பிறக்கும் மூன்றாவது உலோகம் எந்த ராடாலும் சீராகாது. ரிவெட்டோ போல்ட்டோ போடுவதே முறை. அலுமினிய அண்டாவுக்குக் கைப்பிடியை ரிவெட் அடித்தே விற்கிறார்கள், அது சரியான பொறியியல்.

உருக்கினால்தானே இந்தச் சிக்கல், உருக்காமலே சேர்த்தால்? அந்த வழி நம் மண்ணில் பழையது. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில், ரகுநாத நாயக்கர் காலத்தது என்று சொல்லப்படும் பெரிய பீரங்கி இருக்கிறது. ஏழரை மீட்டர் நீளம், வார்த்ததில்லை. 43 நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின் மேல் 94 வளையங்களைச் சிவக்கக் காய்ச்சி ஏற்றி, அடித்தே இணைத்திருக்கிறார்கள். இரும்பு எந்தக் கட்டத்திலும் உருகவில்லை. சூடும் அழுத்தமும் சேர்ந்தால் திடநிலையிலேயே அணுக்கள் எல்லை தாண்டிப் பிணைந்துகொள்ளும் என்பதற்கு நானூறு ஆண்டுச் சான்று அது. 1991-இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த உராய்வுக் கலக்கல் வெல்டிங் அதே தத்துவத்தின் புதிய வடிவம். சுழலும் முளை ஒன்று தகடுகளின் சேர்க்கையில் இறங்கி, உராய்வுச் சூட்டில் உலோகத்தை உருக்காமல் பிசைந்து இணைக்கிறது. உருகாததால் அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவே நொறுங்கும் படலத்தை மைக்ரான் கணக்கில் ஒடுக்கி வைக்க முடிகிறது. புதுச்சேரிக்குத் தெற்கே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே உலோக இணைப்பு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. திருச்சியில் பி.எச்.இ.எல். 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பெரிய கப்பல்களில் எஃகு உடலுக்கும் அலுமினிய மேற்கட்டுக்கும் நடுவே வெடிவைத்து இணைத்த இரட்டை உலோகப் பட்டையைப் போட்டு, எஃகுப் பக்கம் எஃகையும் அலுமினியப் பக்கம் அலுமினியத்தையும் வெல்டு செய்கிறார்கள். சந்தைப் பக்கத்துப் பட்டறையில் இவை எதுவும் சாத்தியமில்லை. அங்கே போல்ட்தான்.

வெல்டு பிரமாதமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய மார்க்கெட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. காற்றில் உப்பு, மேடையில் மீன் கழுவிய தண்ணீர், ஐஸ் கரைந்த ஈரம். வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. ஒன்று கரைந்து மற்றொன்றைக் காப்பாற்றும்.

இதைக் கடற்படைகள் பெரும் செலவில் கற்றன. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்துப் பின்னர் தரைமட்டமாக்கினார்கள். அதே ஆண்டில் அவர்களுடைய கடற்படை, மரம் துளைக்கும் புழுவைத் தடுக்க எச்.எம்.எஸ். அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியதும் 1763-இல் பரிசோதித்தார்கள். பல இடங்களில் தகடு கழன்றிருந்தது. செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக ஆணிக்கும் செம்புக்கும் நடுவே தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணி பத்திரமாக இருந்தது. வோல்டா தன் மின்கலத்தை அறிவித்தது 1800-இல். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு காகிதத் துண்டு விடையைச் சொல்லிவிட்டது: இரண்டு உலோகங்களைத் தொடவிடாதே.

எம்.எஸ்.ஸும் எஸ்.எஸ்.ஸும் சேர்ந்தால் கரைவது எம்.எஸ். எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைப் பரப்பளவு தீர்மானிக்கிறது. பெரிய எம்.எஸ். சட்டத்தில் சின்ன எஸ்.எஸ். போல்ட் இருந்தால் அரிப்பு பரவலாகி, மெதுவாகும். பெரிய எஸ்.எஸ். தகட்டை சின்ன இரும்பு போல்ட் பிடித்திருந்தால் மொத்த அரிப்பும் அந்த போல்ட்டின் தலையில் இறங்கும். ஆகவே எஸ்.எஸ். மேடைக்கு எஸ்.எஸ். போல்ட்தான். பெயின்ட் அடிப்பதில் ஒரு தவறைப் பலரும் செய்கிறார்கள். எம்.எஸ். பக்கம் மட்டும் அடித்துவிட்டு, எஸ்.எஸ். துருப்பிடிக்காதே என்று விட்டுவிடுகிறார்கள். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்தக் கீறலளவு இரும்பு, விரிந்து கிடக்கும் எஸ்.எஸ். முழுவதற்கும் ஈடுகொடுத்துக் கரையும், ஓட்டை விழும். இணைப்பைத் தாண்டி எஸ்.எஸ். மேலும் மூன்று நான்கு அங்குலம் பெயின்ட் ஏற வேண்டும். மீன் படாத அடிப்பக்கமாக இருந்தால் இன்னும் தாராளமாக அடிக்கலாம். அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் ரப்பர் அல்லது நைலான் வாஷர். கடை மூடும்போது மேடையை நல்ல தண்ணீரில் கழுவி, அடிச்சட்டத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் அதன் ஆயுள் கூடும்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயோ பெயின்டோ தின்னரோ இருந்த பழைய டிரம்மை, காலியாக இருக்கிறது என்று நம்பி வெட்டவோ வெல்டு செய்யவோ கூடாது. உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்கும். ஆட்கள் நடமாடும் வீதியில் ஆர்க் பிடித்தால் சுற்றி ஒரு மறைப்புத் தட்டி வையுங்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி இல்லை.

பட்டறைக்குப் போகும் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பொருள் எதற்குப் பயன்படும், அதில் சாப்பாடு புழங்குமா, எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், மீன் தண்ணீர் படுமா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். எந்த ராடு போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். 309 ராடு சாதா ராடைவிடப் பல மடங்கு விலை, நிக்கல் ராடு அதையும்விட விலை. வெல்டர் அந்த விலையைச் சொல்லும்போது, பக்கத்துப் பட்டறையில் பாதிக்குச் செய்கிறார்கள் என்று பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் முகக்கவசம் போடாமல் ஜி.ஐ. பைப்பின் மேல் குனிந்தால், போட்டுக்கொள்ளச் சொல்லி நில்லுங்கள். நீங்கள் வாங்கிப் போகும் மேடையின் விலையில் அந்தக் கவசத்தின் விலையும் இருக்கட்டும்.